ஹட்டனில் புலமைப்பரிசில் கிளாஸ்: நாலு மாதம் அனுப்பிப் பார்த்ததில்

ஐந்தாம் ஆண்டு புலமைப்பரிசில் பரீட்சைக்காக மகனை இலங்கை மலையகத்து ஹட்டன் டவுனில் ஒரு கிளாஸுக்கு நாலு மாதம் அனுப்பினேன். பெயர் போடவில்லை, இப்படி நடக்கிற கிளாஸ் ஒன்று மட்டும் இல்லையே.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். கணக்கு நன்றாகச் சொல்லிக்கொடுக்கிறார்கள். இந்தச் சனி எழுதிய மாதிரி வினாத்தாள் அடுத்த சனி திருத்திக் கைக்கு வந்துவிடும். ஆனால் ஒரே ஹாலில் எண்பது பிள்ளைகள், மைக் வைத்துத்தான் பாடம், பின் வாங்கில் இருக்கிறவனுக்குக் கரும்பலகை தெரியாது, மழை அடித்தால் தகரச் சத்தத்தில் மைக்கும் கேட்காது. அதுகூடப் பரவாயில்லை என்றுதான் இருந்தேன்.

கட்டுரையில்தான் வந்தது பிரச்சினை. ‘எனது வீட்டுத் தோட்டம்’ என்று சேர் எழுதிப் போட்டதை எண்பது பேரும் பாடமாக்க வேண்டும். அதில் மாமரம் காய்த்துத் தொங்குகிறது. ஹட்டன் குளிரில் மாமரம் காய்த்து எங்கே பார்த்தீர்கள்? என் மகன், நாங்கள் இருக்கிற லயத்துக்கு (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடு) பின்னால் அவன் பாட்டி போட்ட லீக்ஸ் பாத்தியையும், ராத்திரி காட்டுப்பன்றி வந்து அதைக் கிளறிப் போட்டதையும், விடிந்ததும் பாட்டி பன்றியைத் திட்டிய திட்டையும் (கொஞ்சம் குறைத்துத்தான்) எழுதியிருக்கிறான். குறுக்கே ஒரு சிவப்புக் கோடு, ஓரத்தில் ‘கொடுத்ததை எழுது’. எழுத்துப்பிழை இரண்டு இருந்தது, அதைக்கூடத் திருத்தவில்லை.

போய்க் கேட்டேன். “அண்ணே, 200 புள்ளிப் பரீட்சை, வெட்டுப்புள்ளிக்கு ஒன்று குறைந்தாலும் பெரிய ஸ்கூல் கிடைக்காது, சொந்தமா எழுதி ஏன் ரிஸ்க்?” என்றார் சேர். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. நாட்டுக்கு இலவசக் கல்வி வந்தது 1945இல், தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடங்களை அரசாங்கம் பொறுப்பெடுத்ததோ 1970களில்தான், என் அப்பா அஞ்சாம் வகுப்போடு தோட்டத்தில் வேலைக்குப் பேர் பதிந்தவர், அதனால் பிள்ளை எப்படியாவது ஏறிவிட வேண்டும் என்ற பயம் எனக்கும் உண்டு. ஆனால் வசதியில்லாத கெட்டிக்காரப் பிள்ளைக்கு உதவிப்பணமும் நல்ல பாடசாலையும் கிடைக்கத்தானே இந்தப் பரீட்சை? அந்தப் பிள்ளை கண்ணால் கண்டதை எழுதினால் கோடு போடுவது என்ன படிப்பு? தேயிலையைத்தான் ஒரே மட்டத்துக்குக் கவ்வாத்து வெட்டுவார்கள், அது கொழுந்து கைக்கு எட்ட.

சரி, நிறுத்திவிட்டேன். இப்போது பள்ளிக்கூடத்து மிஸ்ஸிடமே பின்னேரம் போகிறான், ஆறே பேர். கணக்கில் கொஞ்சம் இறங்கியிருக்கிறான், பொய் சொல்லக்கூடாது. புள்ளி மட்டும் போதும், பிள்ளைக்குப் பாடமாக்கவும் வரும் என்றால் அந்தக் கிளாஸ் உங்களுக்குச் சரிவரும். சேரும்போது கட்டுகிற காசை இடையில் நின்றால் திருப்பித் தரமாட்டார்கள், அதை முதலே கேட்டுக்கொள்ளுங்கள்.