ஒரு வருடத்துக்கு மேலாகச் சுழலும் கல் மெருகூட்டும் இயந்திரம்: வெள்ளவத்தை வீட்டு அனுபவம்

பிள்ளைகளுக்கென்று விற்கும் கல் மெருகூட்டும் இயந்திரம் ஒன்றை ஒரு வருடத்துக்கு மேலாகப் பாவிக்கிறோம். வாங்கலாமா என்று கேட்டால், தாராளமாக வாங்கலாம். ஆனால் பெட்டியில் போட்டிருக்கும் நாட்கணக்கை நம்ப வேண்டாம். சில நாட்களில் பளபளப்பான கல் என்று அதில் இருக்கும். உண்மையில் ஒரு மாதம் பிடிக்கும்.

வேலை எளிமையானது. சிறிய உருளைக்குள் கல், தண்ணீர், கல்லைத் தேய்க்கும் சிலிக்கன் காபைட் தூள் மூன்றையும் போட்டு மூடினால் மோட்டார் அதை இரவும் பகலும் உருட்டும். முதலில் 60/90 என்ற பருந்தூள் (எண் கூடக் கூடத் தூள் நுண்மையாகும்), அடுத்து 120/220, பிறகு 500, கடைசியில் மெருகுத் தூள். ஒவ்வொன்றுக்கும் ஏறக்குறைய ஒரு வாரம். இதில் முதல் வாரம்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. குழியையும் கூர் விளிம்பையும் போக்குவது அந்தப் பருந்தூள் மட்டும்தான். அங்கே மிஞ்சிய வெடிப்பு கடைசிவரை மிஞ்சும். அதனால் கல் உருண்டையாகும்வரை புதுத் தூள் போட்டு முதல் கட்டத்தையே திரும்ப ஓட்டுகிறோம். இந்தப் பொறுமை பிள்ளைகளுக்கு லேசில் வராது. எங்கள் மகள் ஒவ்வொரு கல்லையும் துடைத்து ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்து, "அம்மா, இது இன்னும் சரியில்லை" என்று பிரித்து வைக்கும் வேலையைத் தானாகவே எடுத்துக்கொண்டாள். எனக்கு இந்த இயந்திரத்தில் மிகவும் பிடித்தது அதுதான்.

உருளையில் மூன்றில் இரண்டு பங்காவது கல் இருக்க வேண்டும். குறைந்தால் கற்கள் விழுந்து மோதிச் சில்லுப் பெயரும். தண்ணீர் மேற்கற்களைத் தொட்டும் தொடாமலும் நின்றால் போதும்.

கூட வரும் கற்கள் ஒரே தடவையில் முடிந்துவிடும். அதற்குப் பிறகுதான் சுவாரசியம். கடற்கரையில் பொறுக்கும் சிப்பி, முருகைக்கல் எல்லாம் இதற்குச் சரிவராது. கல்லின் கடினத்தை 1 முதல் 10 வரை காட்டும் மோஸ் அளவில் அவை 3, 4 தான். குவார்ட்ஸ் என்ற கடினமான கல் 7. சேர்த்துப் போட்டால் மென்மையானது கரைந்து சேறாகிவிடும். (முருகைக்கல்லைக் கடலோரத்திலிருந்து எடுக்கவும் கூடாது.) ஒரு கல் சரிவருமா என்று பார்க்க நாங்கள் இரண்டு சோதனை செய்கிறோம். பழைய போத்தலில் கீறினால் கண்ணாடியில் கோடு விழ வேண்டும், தேசிக்காய்ச் சாறு விட்டால் நுரைக்கக் கூடாது. கொழும்பில் நல்ல கல் கிடைக்கும் இடம் வீடு கட்டும் இடங்கள். ஆற்று மணலை அரித்த பிறகு ஒதுக்கும் கூழாங்கற்களை மேசன் பாஸிடம் கேட்டால் ஒரு பை நிறையத் தருவார். இரத்தினபுரியில் இருக்கும் உறவினர் ஒருவர், மாணிக்கம் தோண்டும் கிடங்கில் 'இல்லம்' என்று சொல்லும் மாணிக்கச் சரளையைக் கழுவிய பிறகு வீசும் குவார்ட்ஸ் கற்களை அனுப்பினார். வெள்ளையும் தேத்தண்ணி நிறமுமாக, மெருகு ஏறியபின் ஒளி ஊடுருவுகிறது. நீலக்கல் கிடைத்தால் இதில் போடலாமா என்று மகன் கேட்டான். அதன் கடினம் 9, சிலிக்கன் காபைட் அதைவிடக் கொஞ்சம்தான் அதிகம். கூட இருக்கும் குவார்ட்ஸ்தான் தேய்ந்து போகும் என்று விளங்கப்படுத்தினேன்.

கழுவுவதில் கவனம் தேவை. கல் தேய்ந்து உருளையில் சேரும் மா இறுகினால் சீமெந்துதான். பேசினிலோ குளியலறையிலோ ஒருபோதும் ஊற்றாதீர்கள். தொடர்மாடியில் குழாய் அடைத்தால் கீழ் வீட்டுக்கும் கஷ்டம். வாளியில் ஊற்றித் தெளியவிட்டு, அடிமண்டியைப் பையில் கட்டிக் குப்பையில் போடுகிறோம். காயவிட்டுத் தூசியாக்கக் கூடாது, மூச்சில் போனால் கெடுதி. அப்புறம் ஒவ்வொரு கல்லையும், உருளையையும், மூடியையும் பழைய பல் துலக்கியால் தேய்க்க வேண்டும். பருந்தூளின் ஒரு துகள் மெருகுக் கட்டத்துக்குள் போனாலும் எல்லாக் கல்லிலும் கீறல் விழும்.

சத்தம் இருக்கிறது. இறப்பர் உருளை பிளாஸ்டிக்கைவிட அமைதி என்பதால் அதையே தேடி வாங்குங்கள். நாங்கள் சாமான் அறையில் இறப்பர் விரிப்பின்மேல் வைத்திருக்கிறோம். மோட்டார் சூடாகும், அலுமாரிக்குள் அடைக்கக் கூடாது. நாளுக்கு ஒரு தடவை மூடியைத் திறந்து உள்ளே சேரும் வாயுவை வெளியேற்றுவதும் நல்லது.

அமெரிக்காவிலிருந்து வரும் சில பெட்டிகள் 120 வோல்ட்டுக்கானவை. எங்கள் மின்சாரம் 230 வோல்ட், அடாப்டரில் எழுதியிருப்பதைப் பார்த்துத்தான் செருக வேண்டும். கரண்ட் போய் வந்தால் எங்களுடையது தானாக ஓடாது, திரும்ப அழுத்த வேண்டும். எட்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு இதை நான் சொல்ல மாட்டேன். தூளை அளந்து போடுவது எந்த வயதிலும் பெரியவர்கள் வேலை. வாங்கும்போதே ஒரு மேலதிக பெல்ட்டும், 60/90 தூளில் இன்னும் ஒரு பையும் சேர்த்து வாங்கிவிடுங்கள். முதலில் தீர்வது அந்தத் தூள்தான்.