சி64இல் ஐந்து வருடமாக டிஸ்க் இமேஜ் ஓட்டுகிறேன்: எஸ்டி2ஐஇசி, பை1541, அப்புறம் அந்த அசல் டிரைவ்

2019 கடைசியில், ஜெர்மனியில் நான் இருக்கும் ஊரில் ஒரு பெரியவர் பரணைக் காலி செய்தபோது இந்த கொமடோர் 64, சுருக்கமாக சி64 என்ற பழைய வீட்டுக் கம்ப்யூட்டர், என் கைக்கு வந்தது. கூடவே 1541 டிரைவ் ஒன்று, இரண்டு ஷூ பெட்டி நிறைய ஐந்தேகால் அங்குல ஃப்ளாப்பிகள். எண்பதுகளில் இங்கே பிரமாதமாக விற்ற மெஷின் என்பதால் பழைய சாமான் சந்தைகளில் இன்னும் கிடைக்கிறது. எமுலேட்டரில் ஓட்டிவிட்டுப் போகலாமே என்று கேட்பவர்களுக்கு: ஓட்டலாம், வைஸ் என்ற எமுலேட்டர் அருமையாகவே ஓட்டும். எனக்கு அந்தக் கீபோர்டும் பழைய டியூப் மானிட்டரும் வேண்டும், அவ்வளவுதான்.

டிஸ்க் இமேஜ் என்றால் ஒரு ஃப்ளாப்பியில் இருப்பதெல்லாம் ஒரே ஃபைலாக. அதை எஸ்டி கார்டில் வைத்து, டிரைவ் மாதிரி நடிக்கும் சாதனம் வழியாக சி64க்குக் கொடுக்கலாம். முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். எஸ்டி கார்டு வந்துவிட்டால் எல்லாம் நொடியில் ஏறிவிடும் என்று நானும் நினைத்தேன். ஏறாது. சி64க்கும் டிரைவுக்கும் நடுவில் டேட்டா போய்வரும் வயர் வழியான சீரியல் பஸ்தான் ஆமை. நொடிக்கு நானூறு பைட் வந்தால் பெரிய விஷயம், 150 பிளாக் (பிளாக் என்பது டிஸ்கில் கால் கேபி துண்டு) ப்ரோக்ராம் ஒன்று ஏற ஒன்றரை நிமிடத்துக்கு மேல் ஆகும். அந்தப் பக்கம் காந்தத் தட்டு சுற்றினாலும் எஸ்டி கார்டு இருந்தாலும் சி64 கேட்கிற வேகம் அதேதான். இதற்கு வழி ஜிஃபிடாஸ், அதாவது சி64 உள்ளே அடிப்படை மென்பொருள் இருக்கும் கெர்னல் ரோம் சிப்பை எடுத்துவிட்டு அதைப் போடுவது. அதைப் போட்ட நாளிலிருந்துதான் இந்த மெஷினை நான் வார நாட்களில்கூட ஆன் செய்கிறேன்.

நான் வாங்கிய முதல் சாதனம் எஸ்டி2ஐஇசி. தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரியது, கேசட் போர்ட்டிலிருந்து கரண்ட் எடுத்துக்கொள்ளும், ஒரு வயர் டிரைவ் போர்ட்டுக்குப் போகும். கார்டில் டி64 ஃபைல்களைக் கொட்டிவைத்தால் போதும். டி64 என்பது ஒரு ஃப்ளாப்பிப் பக்கத்தின் அப்பட்டமான நகல்: 35 டிராக் (தட்டில் இருக்கும் வட்டப்பாதை), 683 செக்டர் (அந்தப் பாதையின் துண்டு), செக்டருக்கு 256 பைட், மொத்தம் 1,74,848 பைட். இன்று ஃபோனில் எடுக்கும் ஒரு போட்டோவில் இப்படிப் பல டிஸ்க் அடங்கிவிடும். இமேஜுக்குள் நுழைய பேசிக்கில் ஓப்பன் 15,8,15 என்று தொடங்கி சிடி, முக்காற்புள்ளி, இமேஜ் பெயர் என்று அடித்து க்ளோஸ் 15 கொடுக்க வேண்டும். வெளியே வர அதே கட்டளையில் பெயருக்குப் பதிலாக, கீபோர்டின் இடது மேல் மூலையில் இருக்கும் அம்புக்குறி. நாற்பது வருடமாக அந்தக் கீ எதற்கு அங்கே இருக்கிறது என்று யோசித்தவர்கள் இப்போது தெரிந்துகொள்ளலாம். ஃபைல் ப்ரவுசர் ஒன்றைக் கார்டில் போட்டுவிட்டால் இந்த அடிப்பு வேலையும் மிச்சம்.

நான் வாங்கிய பெட்டியில் கார்டு ஸ்லாட் ஆறே மாதத்தில் ஆட ஆரம்பித்துவிட்டது. விற்றவர் பதிலே போடவில்லை. நானே சால்டர் வைத்து இறுக்கினேன், அதற்குப் பிறகு பிரச்சினை இல்லை.

ஆனால் எஸ்டி2ஐஇசிக்கு ஒரு எல்லை இருக்கிறது, அதைப் புரிந்துகொள்ளாமல் வாங்கியவர்கள்தான் பிறகு புலம்புகிறார்கள். அசல் 1541 வெறும் டிரைவ் அல்ல, அது தனியாக ஒரு கம்ப்யூட்டர். உள்ளே சொந்தமாக 6502 ப்ராசசர், 2 கேபி ராம், 16 கேபி ரோம் எல்லாம் உண்டு. கேம் எழுதியவர்கள் இதைக் கண்டுபிடித்து, மெதுவான பஸ்ஸைச் சுற்றிப்போக, டிரைவுக்குள்ளேயே தங்கள் கோடை ஏற்றி ஓட்டினார்கள். அதைத்தான் ஃபாஸ்ட் லோடர் என்கிறோம். எஸ்டி2ஐஇசியில் இருப்பது வேறு சிப், 6502 கோடு அதில் ஓடாது. தனக்குத் தெரிந்த லோடர் வந்தால் அடையாளம் கண்டுபிடித்து அதே மாதிரி நடிக்கும், தெரியாத லோடர் வந்தால் கறுப்புத் திரைதான். பெட்டியில் இருந்த சாதாரண கேம்கள், ஒரே ஃபைலில் அடங்குகிறவை எல்லாம் ஓடின. நான்கு ஐந்து ஃப்ளாப்பிப் பக்கம் என்று வரும் பெரிய கேம்களும் புதிய டெமோக்களும் (மெஷினின் திறமையைக் காட்ட எழுதும் படமும் இசையுமான ப்ரோக்ராம்கள்) அங்கேயே நின்றன.

அதனால்தான் இரண்டாவது வருடம் பை1541க்குப் போனேன். ராஸ்பெரி பை 3, அதன் மேல் வோல்டேஜ் மாற்றித்தரும் சின்ன போர்டு, ஐந்து பட்டன், கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு ஓஎல்இடி திரை. லினக்ஸ் எதுவும் கிடையாது, கார்டைப் போட்டு ஆன் செய்தால் சில நொடிகளில் அது 1541 ஆகிவிடும், டிரைவின் ப்ராசசரை ஒவ்வொரு சைக்கிளாக அப்படியே போலச்செய்கிறது. ரோம் ஃபைலை மட்டும் நாம்தான் போட வேண்டும். பூஸ் டிசைன் குழு 2008இல் வெளியிட்ட எட்ஜ் ஆஃப் டிஸ்கிரேஸ் டெமோவை எஸ்டி2ஐஇசியில் வைத்துத் தலையில் அடித்துக்கொண்டவன் நான், பையில் முதல் தடவையே ஓடியது. அடுத்த பக்கம் கேட்கும்போது பட்டனைத் தட்டினால் போதும், முன்கூட்டியே வரிசையாகத் தேர்ந்தெடுத்து வைத்த இமேஜ்களில் அடுத்தது வந்து நிற்கும்.

இதில் ஒரு பஸ்ஸர் இணைக்க வசதி உண்டு, டிரைவின் ஹெட் நகரும்போது டிக் டிக் என்று சத்தம் தரும். முதலில் சிரித்தேன். இப்போது அது இல்லாமல் முடிவதில்லை, ஏனென்றால் லோட் ஆகிறதா தொங்கிவிட்டதா என்று திரையைப் பார்க்காமலே தெரிந்துவிடும். இரவு பதினொன்றுக்கு மேல் வீட்டம்மாவின் உத்தரவுப்படி அதற்குத் தடை.

சரி, பையில் நான் பட்ட அடி. ஒரு ரோல்பிளேயிங் கேமில் மூன்று மணி நேரம் விளையாடி, கேமுக்குள்ளேயே சேவ் செய்து, சந்தோஷமாக எல்லா ஸ்விட்சையும் ஒரேயடியாக அணைத்துவிட்டுத் தூங்கப் போனேன். மறுநாள் பார்த்தால் சேவ் இல்லை. எழுதியதெல்லாம் பையின் மெமரியில்தான் இருந்திருக்கிறது. இமேஜை விட்டு ப்ரவுசருக்குத் திரும்பும்போதுதான் அது கார்டுக்குப் போகிறது. அசல் ஃப்ளாப்பியில் சேவ் செய்த நொடியே காந்தத்தில் ஏறிவிடும் என்ற பழக்கத்தில் இருப்பவர்கள் கவனம். இப்போது அணைப்பதற்கு முன்னால் பட்டனை அழுத்தி வெளியே வருவது எனக்குக் கேஸ் மூடுகிற மாதிரிப் பழகிவிட்டது.

இரண்டையும் ஒரே பஸ்ஸில் மாட்டலாமா? மாட்டலாம், சி64 ஒவ்வொரு டிரைவையும் கூப்பிடும் நம்பர் மட்டும் மோதக்கூடாது. பைக்கு 8, எஸ்டி2ஐஇசிக்கு 10 கொடுத்திருக்கிறேன், பல கேம்களுக்கு 8ஐத் தவிர வேறு எண் தெரியாது. அப்படியும் சில லோடர்களுக்கு பஸ்ஸில் இன்னொரு சாதனம் மூச்சு விட்டாலே ஆகாது, அந்த நேரத்தில் மற்றதைக் கழற்ற வேண்டும். கழற்றுவதற்கு முன்னால் மெஷினை அணையுங்கள், ஆனில் இருக்கும்போது அந்த ஆறு முள் பிளக்கைப் பிடுங்கி சிப்பைக் கருக்கியவர்கள் நிறைய.

காப்பி ப்ரொடெக்‌ஷன் உள்ள அசல் டிஸ்குகளுக்கு டி64 போதாது. அது செக்டரில் இருக்கும் டேட்டாவை மட்டும் எடுக்கும், வேண்டுமென்றே கெடுத்துவைத்த இடங்கள், 35க்கு மேல் ஒளித்த டிராக் எல்லாம் போய்விடும். அதற்கு ஜி64, அது டிராக்கில் இருக்கும் பிட்களை அப்படியே வைத்திருக்கும். பை இதையும் படிக்கும், எஸ்டி2ஐஇசிக்கு இதனால் பயனில்லை.

அசல் 1541க்கு இப்போது ஒரே வேலைதான், பெரியவரின் ஃப்ளாப்பிகளை இமேஜாக மாற்றுவது. ஜூம்ஃப்ளாப்பி என்ற யூஎஸ்பி அடாப்டர் வழியாக லேப்டாப்பில் மாட்டியிருக்கிறேன். மொத்தம் 87 ஃப்ளாப்பி, அநேகமாக எல்லாவற்றிலும் ஓரத்தில் இரண்டாவது வெட்டு போட்டு, திருப்பிச் செருகி மறுபக்கத்தையும் பயன்படுத்தியிருக்கிறார்கள், ஆகவே ஒன்றுக்கு இரண்டு இமேஜ். பூஞ்சை பிடித்த ஒரு டிஸ்கைச் செருகினால் அழுக்கு ஹெட்டில் ஒட்டி அடுத்த டிஸ்கைக் கீறிவிடும், அதனால் ஜன்னலில் வெளிச்சத்துக்குக் காட்டிப் பார்த்த பிறகுதான் எதையும் உள்ளே விடுகிறேன். படிக்க முடியாத செக்டர் வந்தால் டிரைவ் ஹெட்டைப் பின்னால் இழுத்துத் தடுப்பில் டர்ர்ர்ரென்று மோதும். முதல் டிராக்கைக் கண்டுபிடிக்க அதற்குத் தெரிந்த வழி அதுதான், தொடக்கத்தை உணர சென்சார் கிடையாது. அந்தச் சத்தத்தை பஸ்ஸர் போலச்செய்யும்போது ரசிக்கலாம், அசல் டிரைவில் கேட்கும்போது வயிற்றைக் கலக்கும்.

புதிதாக வாங்குகிறவர் என்னிடம் கேட்டால், முதல் செலவு இதில் எதுவும் இல்லை, நல்ல பவர் சப்ளைதான். பிசின் ஊற்றி மூடிய அந்தக் காலத்துப் பெட்டி பழுதாகும்போது 5 வோல்ட் மேலே ஏறி ராம் சிப்புகளைச் சாப்பிட்டுவிடும். அதற்குப் பிறகு, பழைய சின்ன கேம்களும் பேசிக் ப்ரோக்ராம்களும் போதும் என்றால் எஸ்டி2ஐஇசி. டெமோ பார்ப்பீர்கள், பல பக்கக் கேம் ஆடுவீர்கள் என்றால் நேராகப் பைக்குப் போங்கள், என்னைப் போல இரண்டு தடவை செலவு செய்யாதீர்கள். ஆனாலும் பேசிக்கில் நானே எழுதுவதைச் சேமிக்க இன்றும் கை எஸ்டி2ஐஇசிக்குத்தான் போகிறது, எழுதியது உடனே கார்டில் இருக்கும் என்ற நிம்மதி அதில்.

87இல் 86 முடிந்துவிட்டது. மிச்சம் ஒன்று, பென்சிலில் வெறும் தேதி மட்டும் எழுதியது. டைரக்டரி இருக்கும் 18ஆம் டிராக்கிலேயே அடி வாங்கியிருக்கிறது. உறையைக் கத்தரித்து, தட்டை வெளியே எடுத்து, சோப்புத் தண்ணீரில் அலசி, இப்போது துணியில் காய்கிறது. ஞாயிற்றுக்கிழமை வேறு உறையில் போட்டு இன்னொரு தடவை படித்துப் பார்க்க வேண்டும்.