ஒரே பெரியம்மா, மூன்று கணக்கு

மஹரகம புற்றுநோய் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும் 138 பஸ்ஸில் அண்ணா கேட்டார்: “இன்னும் எவ்வளவு காலம் எண்டு டொக்டர் சொன்னவரா?”

பெரியம்மாவுக்கு 58 வயது. நுரையீரலில் அடினோகார்சினோமா என்ற வகைப் புற்று, ஈரலிலும் பரவல், எம்ஆர்ஐயில் மூளையில் இரண்டு கட்டி. டொக்டர் மாதக்கணக்கு எதுவும் சொல்லவில்லை. புற்று மூளைக்குப் பரவியவர்களின் ஆயுளைக் கணிக்கும் மூன்று கணக்குகளை நான்தான் வீட்டுக்கு வந்து கொப்பியில் போட்டுப் பார்த்தேன்.

முதலில் ஆர்பிஏ (RPA), நோயாளிகளை மூன்று வகுப்பாகப் பிரிப்பது, 1997இல் வந்தது. வயது, மூலக்கட்டி அடங்கியதா, மூளைக்கு வெளியே வேறிடப் பரவல், கர்னோஃப்ஸ்கி மதிப்பெண் (ஒருவர் தன் அன்றாட வேலையை எவ்வளவு செய்கிறார் என்று நூற்றுக்குப் போடுவது), அவ்வளவுதான். பெரியம்மா சமைப்பார், நடுவில் கதிரையில் இருந்து மூச்சு வாங்குவார், அது 80. ஆக இரண்டாம் வகுப்பு, இடைநிலை ஆயுள் 4.2 மாதம். ஆனால் பெரும்பாலானோர் இந்த வகுப்பில்தான் விழுகிறார்கள், ஒருவரை மற்றவரிலிருந்து பிரிக்க அது உதவாது. இன்னொரு வில்லங்கமும் உண்டு. மூளை வீக்கத்தைக் குறைக்கும் டெக்ஸாமெத்தசோன் மருந்து தொடங்குமுன் அவர் பாத்ரூமுக்கே சுவரைப் பிடித்துத்தான் போனார். அன்று போட்டிருந்தால் 70க்குக் கீழே, மூன்றாம் வகுப்பு, 2.3 மாதம்! வீக்கம் வற்றியதும் மனுஷி எழுந்துவிட்டார்.

2008இல் வந்த ஜிபிஏ (GPA) புள்ளி போடும் முறை, புள்ளி கூடினால் ஆயுளும் கூடும்; அது மூளைக் கட்டிகளின் எண்ணிக்கையையும் சேர்த்தது. வயதுக்கு அரை, கர்னோஃப்ஸ்கிக்கு அரை, இரண்டு கட்டிக்கு அரை, ஈரலில் பரவியதால் அங்கே சைபர். மொத்தம் 1.5, இடைநிலை 3.8 மாதம். மார்பகப் புற்றோ நுரையீரல் புற்றோ, இதற்கு எல்லாம் ஒன்றுதான். எனக்கு அது பிடிக்கவில்லை.

2017இன் நுரையீரல் மரபணு ஜிபிஏ வேறு ரகம். பெரியம்மாவின் கட்டியில் ஈஜிஎஃப்ஆர் (EGFR) என்ற மரபணுவின் மாற்றம் பொசிட்டிவ், அதற்கு முழுப் புள்ளி. மொத்தம் 2.5, இடைநிலை 26.5 மாதம். அந்த ஒரு புள்ளி இல்லையென்றால் 1.5, அப்போது 13.7. பழைய இரண்டும் எடுத்த தரவு, மரபணுவைக் குறிவைக்கும் மாத்திரைகள் பரவலாகாத காலத்தது. அதனால் நுரையீரல் அடினோ என்றால் மூன்றாவதைத்தான் நம்புவேன்.

இடைநிலை என்றால் பாதிப்பேர் அதற்கு முன்பே போய்விடுகிறார்கள், பாதிப்பேர் தாண்டுகிறார்கள். அண்ணாவுக்கு அதைச் சொன்னதும், “அப்ப 26 எண்டு பெரியம்மாட்ட சொல்லாத” என்றார். சரி, சொல்லவில்லை.

மரபணு ரிப்போர்ட் வராமல் யாராவது இந்தக் கணக்கைப் போடப் போனால், முதலில் பயாப்ஸித் துண்டு சோதனைக்கு அனுப்பப்பட்டதா என்று கேளுங்கள். ‘தெரியாது’ என்றாலும் மரபணுப் புள்ளியில் சைபர்தான் விழும்.