பூ முடிஞ்ச ஆர்க்கிட்டை சுத்தம் பண்றது: 4 வருஷ அனுபவம்

இப்போ என்கிட்ட 11 செடி இருக்கு. 6 ஃபெலனாப்சிஸ், 4 டென்ட்ரோபியம், 1 ஆன்சிடியம். பூ கொட்டினதும் கத்தரியை தூக்கிட்டு ஓடுற ஆளா இருந்தேன், இப்போ அந்த அவசரம் ரொம்பவே கொறஞ்சிருக்கு, ஏன்னா வெட்டி கெடுத்ததுதான் ஜாஸ்தி.

மொதல் தப்பு டென்ட்ரோபியத்துல. இலை எல்லாம் உதிர்ந்து மொட்டையா நின்ன தண்டுங்கள பாத்து, செத்துப்போச்சுன்னு நெனச்சு அடியோட வெட்டிட்டேன். அந்த தண்டுதான் செடிக்கு தண்ணியும் சத்தும் சேத்து வக்கிற இடம், அதுமட்டுமில்ல மொட்டை தண்டோட கணுவுல இருந்தே திரும்ப பூவும் வரும், கேய்கின்னு சொல்ற குட்டிச் செடியும் வரும்னு அப்புறம்தான் தெரிஞ்சுது. செடி சாகல, ஆனா ஒன்றரை வருஷம் பூ இல்லாம மொறச்சிக்கிட்டே நின்னுச்சு. இப்போ அமுக்கி பாப்பேன், கெட்டியா இருந்தா கை வக்கிறதே இல்ல, சக்கை மாதிரி உள்ள காலியா இருந்தா மட்டும்தான் வெட்டு.

ஃபெலனாப்சிஸ்ல ஸ்பைக் (பூத்தண்டு) பழுப்பா காஞ்சிருந்தா யோசிக்கவே வேணாம், அடியில ஒரு சென்டிமீட்டர் விட்டு வெட்டிடலாம். பச்சையா இருந்தாதான் குழப்பம். ரெண்டு விதமாவும் செஞ்சு பாத்தேன். கீழ இருந்து ரெண்டாவது மூணாவது கணுவுக்கு கொஞ்சம் மேல வெட்டினதுல ரெண்டு மூணு மாசத்துல பக்கக் கிளை வந்து பூத்துச்சு, பூ கம்மி, சைஸும் சின்னது. நல்லா கொழுத்த செடின்னா இது ஓகே. மூணே இலையோட சோர்ந்து கெடந்த ஒண்ணுல இதையே பண்ணேன், பூ வந்துச்சு, அதுக்கப்புறம் ஒரு வருஷம் புது இலை ஒண்ணுகூட ஒழுங்கா வரல. அதனால வீக்கான செடின்னா பச்சை ஸ்பைக்கா இருந்தாலும் அடியோட எடுத்துடறேன், மனசு கேக்காதுதான்.

பிளேடு விஷயம்தான் ரொம்ப முக்கியம்னு இப்போ தோணுது. மொத ரெண்டு வருஷம் ஒரே கத்தரியால எல்லா செடியையும் வெட்டினேன், நடுவுல துடைக்கக்கூட இல்ல. சிம்பிடியம் மொசைக், ஓடோன்டோகுளோசம் ரிங்ஸ்பாட்னு ரெண்டு வைரஸ் இருக்கு, வெட்டுற கருவில ஒட்டின சாறு வழியா அடுத்த செடிக்கு போயிடும், வந்துட்டா மருந்து கெடயாது. என்னோட ரெண்டு செடி இலையில கோடு கோடா வந்து போச்சு, டெஸ்ட் எதுவும் பண்ணல, அதனால வைரஸ்தான்னு சத்தியம் பண்ண மாட்டேன். ஸ்பிரிட்ல துடைக்கிறத நம்பி மட்டும் இருக்காதீங்க, வைரஸுக்கு அது பத்தாது. தீயில நல்லா காட்டி ஆற விடணும் (பிளாஸ்டிக் கைப்பிடி உருகும், ஒண்ணு உருக்கிட்டேன்), இல்லன்னா என்ன மாதிரி செடிக்கு ஒரு புது பிளேடு.

சமையலுக்கு போடுற லவங்கப்பட்டைத்தூள், இலை வெட்டின காயத்துல தடவ நல்லா இருக்கு, சீக்கிரம் காஞ்சிடுது. ஆனா வேர்ல போடாதீங்க. ரீபாட் பண்ணப்போ (தொட்டி மாத்தி நட்டப்போ) தாராளமா தூவினேன், நல்லா இருந்த வேரும் சுருங்கிப்போச்சு. பளபளப்பு ஸ்பிரே ஒண்ணு வாங்கினேன், ரெண்டு வாரம் ஜொலிச்சுது, அப்புறம் தூசி ஒட்டி பிசுபிசுன்னு ஆயிடுச்சு, வேஸ்ட். ஈரத்துணியே போதும், நடுக்குருத்துல தண்ணி தேங்கினா டிஷ்யூவால ஒத்தி எடுத்துடணும், இல்லன்னா அழுகிடும்.

டென்ட்ரோபியம் தண்டை சுத்தி காஞ்ச பேப்பர் மாதிரி தோல் இருக்கும்ல, அத உரிச்சு பாருங்க. அழகுக்காக உரிச்ச எனக்கு உள்ள மாவுப்பூச்சி ஒரு குடும்பமே கெடச்சுது. பச்சையா ஒட்டிட்டு இருந்தா மட்டும் இழுக்காதீங்க.

தொட்டிக்கு வெளிய தொங்குற வேர் அசிங்கமா இருக்குன்னு வெட்டாதீங்க, காஞ்சா வெள்ளி நெறம், நனஞ்சா பச்சை, அது உயிரோடதான் இருக்கு. பிசுக்குன்னு அமுங்குறது மட்டும் போகட்டும்.

ஸ்பைக்குக்கு வச்ச குச்சியையும் பிடுங்காதீங்க, வேர் அதை சுத்தி பிடிச்சிருக்கும். நான் பிடுங்கினேன், ரெண்டு நல்ல வேரும் சேந்து வந்துச்சு. இப்பல்லாம் தொட்டியில போட்டிருக்கிற மரப்பட்டைத் துண்டு மட்டத்துக்கு நறுக்கி விட்டுட்டு, அடுத்த ரீபாட்ல எடுத்துக்கறேன்.