டைப் 55: ஒரு தாள், இரண்டு ஆசைகள்

போலராய்டு டைப் 55 என்ற உடனடி ஃபிலிமைப் பற்றி விசாரிப்பவர்கள் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: “கையோடு அச்சும் வரும், பெரிதாக்கிக்கொள்ள நெகட்டிவும் வரும் என்கிறார்களே, உண்மையா?” உண்மைதான். இரண்டும் ஒருசேர நன்றாக வருமா என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. பெரும்பாலும் வராது. இந்த 4x5 அங்குலத் தாளோடு பல ஆண்டுகள் மல்லுக்கட்டியதில் எனக்கு மிஞ்சிய முடிவு: அச்சா, நெகட்டிவா என்பதை ஷட்டரை அழுத்துவதற்கு முன்பே தீர்மானித்துவிட வேண்டும்.

காரணம் வேதியியலில் இருக்கிறது. ஒவ்வொரு தாளும் ஓர் உறைக்குள் வருகிறது. அதில் இருக்கும் டெவலப்பர் பசை, ஒளி பட்ட வெள்ளி உப்பை நெகட்டிவிலேயே கருக்கிவிடுகிறது. ஒளி படாத உப்பு கரைந்து, அச்சாகப்போகும் எதிர்த்தாளுக்குப் போய் அங்கே படமாகிறது. ஒளி கூடினால் நெகட்டிவ் தடிக்கும். அச்சுக்குப் போக வெள்ளி மிஞ்சாமல் அது வெளுத்துவிடும். பெட்டியில் போட்டிருக்கும் ஐஎஸ்ஓ 50 (ஃபிலிமின் ஒளியுணர்திறன்) அச்சுக்கான எண். அதை நம்பி எடுத்தால் நெகட்டிவில் நிழல் பகுதிகள் வெறும் கண்ணாடி போல ஆகிவிடுகின்றன. நெகட்டிவ் வேண்டுமென்றால் நான் ஒளி அளக்கும் மீட்டரில் 25 வைத்துக்கொள்கிறேன். எண் பாதியானால் ஃபிலிமில் விழும் ஒளி இரட்டிப்பாகும்.

மதுரை வெயிலில் இந்த இரட்டிப்பு, அதாவது ஒரு ஸ்டாப், மிகப் பெரியது. திருமலை நாயக்கர் மஹாலின் முற்றத்தில் முற்பகல் நேரத்தில் நின்று பாருங்கள். வெயில் பட்ட சுதைத் தூண்கள் கண்ணைக் கூச வைக்கும். அவற்றுக்குப் பின்னால் வளைவுகளின் உட்புறம் இருண்டு கிடக்கும். 50 வைத்தால் தூண்கள் அச்சில் அழகாக வரும், வளைவுகள் இரண்டிலுமே தொலைந்துபோகும். 25 வைத்தால் அச்சில் தூண்கள் வெள்ளைக் காகிதமாகிவிடும். ஆனால் நெகட்டிவில் தூணின் சுதை வேலையும் இருக்கும், இருட்டுக்குள் இருக்கும் விதானமும் இருக்கும். ஆகவே அங்கே அச்சை நான் படமாகப் பார்ப்பதே இல்லை, குறிப்புச் சீட்டாகப் படிக்கிறேன். தூண் வெளுத்து, வளைவுக்குள் விவரம் தெரிந்தால் நெகட்டிவ் தேறிவிட்டது. அச்சு பார்க்க லட்சணமாக இருந்தால்தான் எனக்குக் கவலை.

விலக்கும் உண்டு. சூரியன் ஏறுவதற்கு முன் ஒத்தக்கடைப் பக்கமிருந்து யானைமலையை எடுத்தால் பாறை முழுவதும் ஒரே சாம்பல். அப்போது 32 வைத்தால் அச்சும் நெகட்டிவும் ஓரளவு ஒத்துப்போகின்றன.

ஆட்களை எடுக்கும்போது கதை வேறு. கீழக்குயில்குடியில், சமணர் மலை அடிவாரத்து ஆலமரத்து நிழலில் ஓர் அப்பத்தாவை எடுத்தபோது, “தம்பி, இந்தப் படம் எனக்கா, உனக்கா?” என்று கேட்டார். சரியான கேள்வி. அன்றிலிருந்து ஆளுக்கு இரண்டு தாள்: 50 வைத்து எடுப்பது அவர்களுக்கு, 25 வைத்து எடுப்பது எனக்கு. செலவு இரட்டிப்புதான், வெளுத்த முகத்தை ஒருவர் கையில் கொடுக்க மனம் வரவில்லை. கொடுக்கும் அச்சின் மேல் பெட்டியோடு வரும் பூச்சுத் திரவத்தைத் தடவியாக வேண்டும், இல்லாவிட்டால் படம் மங்கிவிடும். புளித்த வாடை அடிக்கும் அந்தப் பூச்சு காய்வதற்குள் ஊர்ப் புழுதியெல்லாம் வந்து ஒட்டிக்கொள்ளும்.

உறையைக் கேமராவில் பொருத்தவும், பிறகு உருளைகளுக்கு நடுவே இழுத்துப் பசையைப் பரப்பவும் உதவும் 545 ஹோல்டரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. உருளைகளில் காய்ந்த பசை இருந்தால் அதன் தடம் ஒவ்வொரு படத்திலும் விழும், ஆகவே ஈரத் துணியால் துடைத்துக்கொண்டே இருங்கள். உறையை ஒரே மூச்சில், ஒரே வேகத்தில் இழுங்கள். நடுவில் தயங்கினால் குறுக்கே கோடு விழும்.

அமெரிக்க நிலக்காட்சிப் புகைப்படக் கலைஞர் ஆன்சல் ஆடம்ஸ் 1968-இல் கலிஃபோர்னியாவின் யோசெமிட்டியில் உள்ள எல் கேப்பிட்டன் பாறையை இந்த ஃபிலிமில்தான் எடுத்தார், அதுவும் குளிர்காலக் காலையில். அந்தக் குளிருக்கு நாம் எங்கே போவது? உறையை இழுத்தபின் பிரிப்பதற்கு முன் 21 டிகிரியில் 20 விநாடி காத்திருக்க வேண்டும் என்பது பெட்டிக் கணக்கு. இங்கே 21 டிகிரி மார்கழி விடியலில்தான் கிடைக்கும். சித்திரையில் 20 விநாடிக்கு மேல் காத்திருந்து நான் எந்தப் பலனும் காணவில்லை. வெப்பத்தின் உண்மையான தொல்லை அதற்குப் பிறகு வருகிறது. பிரித்த நெகட்டிவை உடனே சோடியம் சல்ஃபைட் கரைசலில் போட வேண்டும்: லிட்டருக்கு 220 கிராம். கரைசல் சூடேறினால் ஜெலட்டின் இளகி, நகம் பட்டாலே கீறிவிடும். மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாவில் கரைசலை ஊற்றி, அதை ஐஸ் போட்ட தெர்மோகோல் பெட்டிக்குள் வைத்துத்தான் எடுத்துச்செல்கிறேன். கடையில் வாங்கும்போது வேதிப்பொருளின் பெயரைச் சீட்டில் எழுதிக் கொடுங்கள். சல்ஃபேட், சல்ஃபைடு என்று எதையாவது கட்டிக்கொடுத்துவிடுவார்கள். கடைசி அலசலுக்கு ஆழ்துளைக் கிணற்று நீர் ஆகாது, காய்ந்ததும் உப்புத் திட்டுகள் நிற்கும். வடிநீர்தான் சரி.

போலராய்டு 2008-இல் இந்தத் தொழிலைக் கைவிட்டது. அதே முறையில் ஃபிலிம் செய்ய வந்த நியூ55 நிறுவனமும் 2017 முடிவில் மூடப்பட்டது. இனி கிடைப்பதெல்லாம் பழைய இருப்பு. “குளிர்பதனத்தில் வைத்தது” என்று சொல்லி ஒருவர் எனக்கு விற்ற பெட்டியில் பாதி உறைகளில் பசை காய்ந்திருந்தது. நேரில் வாங்க முடிந்தால் உறையின் நுனியைத் தடவிப் பாருங்கள். பசைப் பை மெத்தென்று இருக்க வேண்டும், மொறுமொறுத்தால் போயிற்று. போனவற்றையும் நான் எறிவதில்லை. படம் எடுத்தபின் இருட்டறையில் உறையைப் பிரித்து, நெகட்டிவை மட்டும் சாதாரண டெவலப்பரில் கழுவுகிறேன். கொஞ்சம் மூட்டம் இருக்கும். அச்சு கிடையாது என்பதால் 25-ஆ 50-ஆ என்ற குழப்பமும் கிடையாது.