ஒரிஜினல், கோட் செய்தது, ஜெனரிக்: லிங்க் வராதபோது எந்த மாட்யூல் கைகொடுக்கும்?

சிஸ்கோ கேட்டலிஸ்ட் நெட்வொர்க் ஸ்விட்சில் வேறு நிறுவனத்தின் எஸ்எஃப்பி மாட்யூலை (ஃபைபர் கேபிளை ஸ்விட்சோடு இணைக்கும் சிறு கருவி) செருகியதும் போர்ட் எரர்-டிசேபிள் ஆகிவிட்டதா, அதாவது ஸ்விட்சே அதை முடக்கிவிட்டதா? உடனே மாட்யூல் கெட்டுப்போனது என்று திருப்பி அனுப்ப வேண்டாம். மாட்யூலுக்குள் இருக்கும் ஈஈபிராம் என்ற சிறு நினைவகத்தைத்தான் ஸ்விட்ச் முதலில் படிக்கிறது. தயாரிப்பாளர் பெயர், பார்ட் நம்பர், சீரியல் நம்பர் எல்லாம் அதில் இருக்கும். சிஸ்கோ தனக்கென்று ஒரு குறியீட்டையும் (கோட்) அங்கே தேடும். அது கிடைக்காவிட்டால் போர்ட் நின்றுவிடும். ஒளிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

ஒரிஜினல் மாட்யூலில் இந்தச் சந்தேகமே எழாது. விலை பல மடங்கு. அதைத் தவிர சொல்ல அதிகமில்லை.

எந்தக் கோடும் எழுதப்படாத ஜெனரிக் மாட்யூல்தான் மிக மலிவு. 'சர்வீஸ் அன்சப்போர்ட்டட்-டிரான்சீவர்' என்ற கட்டளையைக் கொடுத்தால் பெரும்பாலும் ஓடும். கேள்விக்குறி போட்டுத் தேடினால் இந்தக் கட்டளை பட்டியலில் வராது, முழுசாகத் தட்டச்சு செய்யவேண்டும். சிக்கல் பிறகுதான் வரும். ஸ்விட்ச் பழுதாகி, பழைய கான்ஃபிக் ஏற்றிய மாற்று ஸ்விட்சை நள்ளிரவில் வைக்கிறீர்கள். அந்த ஒரு வரி அதில் இல்லையென்றால் அப்லிங்க் (மேல்நிலை ஸ்விட்சுக்கான இணைப்பு) எழாது. வேலை பார்ப்பவருக்குக் காரணமும் தெரியாது. லேபுக்குச் சரி, அலுவலகத்தின் முதுகெலும்பு இணைப்புக்கு இதை நான் வைக்கமாட்டேன்.

என் ஓட்டு, ஸ்விட்ச் மாடலைக் கேட்டுக் கோட் எழுதித் தரும் விற்பனையாளருக்கு. கட்டளை எதுவும் தேவைப்படாது. ஆனால் சிஸ்கோவுக்கு எழுதியதை அரூபா போன்ற வேறு நிறுவன ஸ்விட்சில் செருகினால் மறுபடி அதே மறுப்பு வரலாம். ஸ்விட்சின் ஃபர்ம்வேர் (உள் மென்பொருள்) மாற்றிய பிறகும் வரலாம். மோசமான விற்பனையாளர்கள் ஒரே சீரியல் நம்பரைப் பல மாட்யூல்களில் நகலெடுத்து வைப்பார்கள். அவற்றில் இரண்டை ஒரே ஸ்விட்சில் செருகினால் 'டூப்ளிகேட்' என்று சொல்லி போர்ட்டை முடக்கிவிடும். வாங்கியதும் ஸ்விட்சில் 'ஷோ இன்வென்டரி' கட்டளை போட்டு சீரியல்களை ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

மாட்யூலை ஸ்விட்ச் ஏற்றுக்கொண்டும் லிங்க் வரவில்லையா? அப்புறம் குறியீட்டைக் குறை சொல்லிப் பயனில்லை, ஒளியைப் பாருங்கள். 10ஜி எல்ஆர் (நெடுந்தூர வகை) மாட்யூல் 1310 நானோமீட்டர் அலைநீளத்தில், சிங்கிள் மோட் ஃபைபரில் 10 கிலோமீட்டர் வரை போகும். அதன் ரிசீவருக்குக் குறைந்தது மைனஸ் 14.4 டிபிஎம் (ஒளித்திறனின் அலகு) ஒளி வேண்டும். மைனஸ் 30, 40 என்று காட்டினால் ஒளியே வரவில்லை. பேட்ச் கார்டின் (இணைப்பு ஃபைபர்) ஒரு பக்கத்தில் மட்டும், அனுப்பும் நுனியையும் பெறும் நுனியையும் இடம் மாற்றிச் செருகிப் பாருங்கள். 10ஜி பைடி (ஒரே ஃபைபர் இழையில் இரு திசையிலும் அனுப்பும் வகை) என்றால் ஒரு முனை 1270, மறுமுனை 1330 நானோமீட்டரில் அனுப்பவேண்டும், இரண்டும் ஒன்றாக இருந்தால் எழவே எழாது. 25ஜியில் இரு முனைகளிலும் எஃப்இசி (பிழைகளைத் திருத்தும் முறை) ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். வேறு நிறுவன மாட்யூல்களில் அது தானாக அமையாமல் போவதுண்டு. ஒரே மாட்யூலில் லூப்பேக் போட்டு (அனுப்பும் ஒளியை அதற்கே திருப்பிவிட்டு) சோதிப்பது எல்ஆருக்குச் சரி. 80 கிலோமீட்டர் மாட்யூலில் அட்டெனுவேட்டர் (ஒளியைக் குறைக்கும் கருவி) இல்லாமல் அதைச் செய்தால் ரிசீவர் கருகலாம்.

வகைக்கு ஒரு ஒரிஜினலை மட்டும் வாங்கி அலமாரியில் வையுங்கள். வேறு நிறுவன மாட்யூல் போட்டாலே வாரன்டி போய்விடும் என்பதில்லை. பழுதுக்கு அந்த மாட்யூல்தான் காரணம் என்று தெரிந்தால் சிஸ்கோ உதவியை மறுக்கலாம், அவ்வளவுதான். சப்போர்ட்டில் "அதைக் கழற்றிவிட்டுச் சொல்லுங்கள்" என்றால் ஒரிஜினலைச் செருகி, அதே பிழை அப்படியே வருகிறது என்று காட்டிவிடலாம்.