வென்றவளுக்கு ஒரு சொல்: எக்களிப்பா, வெற்றிக்களிப்பா?

மொழிபெயர்த்துக்கொண்டிருந்த ஒரு சிறுகதையில் ஒரு பெண், சதுரங்கத்தில் தன் ஆசானை முதன்முறையாக வெல்கிறாள். அவர் எதிரே அடக்கமாகக் கைகுலுக்கிவிட்டு, ஆளில்லாத மாடிப்படிக்கு வந்ததும் துள்ளுகிறாள். அந்தத் துள்ளலுக்குச் சொல் தேடியே இரண்டு நாள் போனது.

மகிழ்ச்சியும் சந்தோஷமும் போதாது. அவற்றுக்கு வெற்றி தேவையே இல்லை. குதூகலம் பிள்ளைகளுடையது. பூரிப்பு பெரும்பாலும் அடுத்தவர் வெற்றியில் வருவது: மகள் ஜெயித்தால் தாய் பூரிப்பாள்.

வெற்றிக்களிப்பு எல்லாருக்கும் புரியும். விளையாட்டுச் செய்திகளில் அடிபட்டு அடிபட்டுக் கொஞ்சம் தேய்ந்திருக்கிறது, அவ்வளவுதான். ஆனால் அதை வினையாக்க முடியாது. 'வெற்றிக்களிப்பில் மிதந்தாள்', 'திளைத்தாள்' என்று ஒரு துணைக்கு ஆள் பிடிக்க வேண்டும். மாடிப்படியில் மிதப்பதாவது!

பெருமிதத்தை நினைக்காமலில்லை. தொல்காப்பியம் சொல்லும் எட்டு மெய்ப்பாடுகளில், அதாவது உடலில் வெளிப்படும் உணர்ச்சிகளில், அது ஒன்று, உவகை வேறொன்று. கல்வி, தறுகண் என்னும் அஞ்சாமை, புகழ், கொடை ஆகிய நான்கும் பெருமிதம் பிறக்கும் நிலைக்களன்கள். அது நிமிர்ந்து நிற்கும், துள்ளாது.

என் முதல் வரைவில் இருந்தது 'எக்காளமிட்டாள்'. ஒலி நன்றாகத்தான் இருந்தது. மறுநாள் படித்தால் என் நாயகி வில்லியாகியிருந்தாள். எக்காளம் ஊதுகருவி, ஊதினால் யாராவது கேட்க வேண்டும். எக்காளமிடுபவர் முன்னால் தோற்றவர் நின்றாக வேண்டும், இல்லாவிட்டால் அந்தச் சொல்லுக்கு வேலையே இல்லை. அதன்பிறகு ஒவ்வொரு சொல்லையும் இதை வைத்தே சோதித்தேன்: தோற்றவரை அந்த இடத்திலிருந்து அகற்றிவிட்டால் சொல் நிற்கிறதா?

எக்களிப்பு நின்றது. யாரும் பார்க்காத அறையிலும் ஒருவர் எக்களிக்கலாம். வினையாகவும் வளைகிறது: எக்களித்தாள், எக்களித்து. எல்லாவற்றுக்கும் மேலாக, உள்ளே களிப்பு இருக்கிறது. களித்தலின் பழைய பொருள்களில் ஒன்று கள்ளுண்டு மயங்குவது. கள்ளுண்ணாமை அதிகாரத்தில் 'களித்தானைக் காரணம் காட்டுதல்' என்று வள்ளுவர் சொல்வது குடித்தவனைத்தான். பகைவரின் ஆநிரையை, அதாவது பசுக்கூட்டத்தை, கவர்ந்து மீண்ட மறவர் கள்ளுண்டு களிப்பதை, அந்தக் கவர்தலைப் பாடும் வெட்சித் திணையில் உண்டாட்டு என்று தனித் துறையாகவே வைத்திருக்கிறார்கள். வென்றவர் தலைக்கு ஏறுவது எதுவோ, அது சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. அடக்கமான பெண் ஒரு நிமிடம் தன்னை மறப்பதற்கு இதைவிடப் பொருத்தமாக எனக்கு எதுவும் அகப்படவில்லை.

களிகூர்தலிலும் அதே களிதான். ஆனால் விவிலியத் தமிழில் அது துதியோடு சேர்ந்தே புழங்குகிறது. 'இதிலே களிகூர்ந்து மகிழக்கடவோம்' என்ற சங்கீதப் புத்தக வரி காதில் விழுந்துவிட்டால் மாடிப்படி தேவாலயமாகிவிடும்.

எக்களிப்பு மாசற்றது என்று சாதிக்க மாட்டேன். கதைகளில் வில்லன்களும் எக்களிக்கிறார்கள். சூழல்தான் காப்பாற்ற வேண்டும். யாரும் பேச்சில் சொல்லி நான் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. உரையாடலுக்குள் வைத்தால் எடுபடுமா என்பது சந்தேகமே. இதே கதையில் ஒரு கூட்டம் தெருவில் ஆடும் காட்சி வருகிறது; அங்கே யோசிக்காமல் வெற்றிக்களிப்பையே போட்டேன். மாடிப்படியில் மட்டும், 'கடைசிப் படியிலிருந்து குதித்து, வாயைப் பொத்திக்கொண்டு எக்களித்தாள்.'